அனுப்பாத கடிதங்களுக்கு ஒரு மன்னிப்பு

அவளுக்குச் சக்கரத்தம்மா என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே ஞாபகமில்லை. கூரியர்காரர்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு வேண்டிய உதிரிச் சாமான்களைத் தபாலில் அனுப்புவது அவள் தொழில். டயர், டியூப், பேரிங், பிரேக் கட்டை, கால் வைக்கும் பலகை, முன்னால் ஓடும் சின்னச் சக்கரம். தரைத்தளத்தில் இரண்டு அறை. முன்னறை முழுக்க இரும்பு அலமாரி. சுவரில் வரிசையாக ஆணி அடித்து டயர்களை அளவுவாரியாக மாட்டியிருப்பாள். சாப்பாட்டு மேஜை பார்சல் கட்டும் மேஜையாகிப் பல வருஷம் ஆயிற்று. சாப்பிடுவதென்றால் அட்டைப்பெட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தட்டை வைப்பாள். ஒரு தட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

தினம் மூன்றரை மணிக்குக் கூரியர்காரர் வருவார். "எத்தனைம்மா?" என்பார். "நாலு" என்பாள். "சரிம்மா" என்று தூக்கிக்கொண்டு போவார். பல நாட்களில் அவள் வாயைத் திறந்து பேசுவது அந்த "நாலு" மட்டும்தான். சில நாள் "அஞ்சு".

தொழிலை ஆரம்பித்தது அவள் கணவர். கட்டடத்துக்கு வரைபடம் போடுகிறவராக இருந்தவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய், ஒன்பது வருஷம் நாற்காலியில் இருந்தார். ஒருமுறை அவருடைய நாற்காலியின் முன்சக்கரம் உடைந்தது. மாற்றுச் சக்கரம் வந்து சேர இருபத்துமூன்று நாள் ஆனது. இருபத்துமூன்று நாளும் படுக்கையில் கிடந்து கூரையை முறைத்த மனுஷன், இருபத்துநாலாவது நாள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும், "இந்த நிலைமை இன்னொருத்தனுக்கு வரக்கூடாது" என்று வெப்சைட் போட உட்கார்ந்துவிட்டார். மெயில் முகவரியும் அவர் உண்டாக்கியதுதான். வரும் கடிதங்களுக்கெல்லாம் அவர் பதில் எழுதுவார், அவள் பார்சல் கட்டுவாள். அவர் போன பிறகு இரண்டையும் அவளே செய்தாள். அவர் ஒரு பக்கம் எழுதுவார். இவளுடைய பதில் இரண்டு வார்த்தை: "இருக்கிறது. அனுப்புகிறேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீயை ஆற்றிக்கொண்டே மெயிலைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்திருந்தன. வழக்கமாக ஏழோ எட்டோ வரும். முதலில் ஒரு நிமிஷம் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது, எங்கோ யாரோ பத்திரிகையில் நம்மைப் பற்றி எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது என்று. திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே பாட்டு. நீங்கள் அனுப்பிய கடிதத்தைக் கொண்டுசேர்க்க முடியவில்லை. இந்த முகவரியில் யாரும் இல்லை. பெட்டி நிரம்பியிருக்கிறது. அவள் இந்த ஆட்களுக்கு எழுதவே இல்லையே! ஒரு பெயர்கூடத் தெரிந்த பெயராக இல்லை.

ஐந்தாவதோ ஆறாவதோ திறந்தபோது, திரும்பி வந்த கடிதமே கீழே ஒட்டியிருந்தது. பதினைந்தே நாளில் பத்துக் கிலோ இளைக்க வைக்கும் பொடி. அனுப்பியவர் என்ற இடத்தில் அவளுடைய கடையின் பெயர், அவர் உண்டாக்கிய அதே முகவரி. டீ ஆறிப் போய் ஆடை கட்டியது.

யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாஸ்வேர்டை மாற்றினாள். மத்தியானம் இன்னும் முந்நூறு வந்தது. மறுபடி மாற்றினாள். மறுநாள் மூன்றாம் தடவை. பாஸ்வேர்டு ஒவ்வொரு தடவையும் நீளமாகிக்கொண்டே போனதே ஒழிய, கடிதம் வருவது நிற்கவில்லை.

அடுத்து வந்தவைதான் அவளை உலுக்கின. இவை மெஷின் போட்ட கடிதங்கள் அல்ல, மனிதர்கள் எழுதியவை. பொடி விளம்பரம் போய்ச் சேர்ந்தவர்கள் அவளைத் திட்டி எழுத ஆரம்பித்தார்கள். "வெட்கமா இல்ல?" என்று ஒன்று. "ஊனமுற்றவங்க பேரைச் சொல்லி ஊரை ஏமாத்துறீங்களா?" என்று ஒன்று. ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கம்மா போய் மூணு நாள் ஆகுது. அழுதுட்டு உக்காந்திருக்கேன். எனக்கு இளைக்கப் பொடி விக்கிறியா? நீ நல்லா இருப்பியா?"

வேறு யாராக இருந்தாலும் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் விடுவது அந்த வீட்டில் பழக்கமில்லை. அவள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதினாள். இதை அனுப்பியது நான் இல்லை, என் முகவரியை யாரோ போலியாகப் போட்டுக்கொள்கிறார்கள், உங்கள் மனம் நொந்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். நான்கு நாளில் அறுபத்துமூன்று பேர். "மன்னித்துவிடுங்கள்" என்று அறுபத்துமூன்று தடவை. தாயை இழந்தவருக்கு மட்டும் கூட இரண்டு வரி எழுதினாள்.

அவரிடமிருந்துதான் பதில் வந்தது. "திட்டினதுக்கு நான்தாங்க மன்னிப்புக் கேக்கணும். நீங்க செய்யாத தப்புக்கு நீங்க கேட்டுட்டீங்க. செஞ்ச தப்புக்கே கேக்க எனக்கு வாய் வராது. எங்கம்மாகிட்டக் கேக்க வேண்டியது நெறைய இருந்தது, விட்டுட்டேன்."

அதைப் படித்துவிட்டு அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். அன்றைக்குக் கூரியர்காரர் வந்து "எத்தனைம்மா?" என்றபோது பார்சல் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. "இன்னைக்கு இல்ல" என்றாள்.

அவளுக்கு ஒரு நாத்தனார் உண்டு, கணவரின் ஒரே தங்கை. ஒன்பது வருஷமும் ஞாயிறு தவறாமல் வந்து, அண்ணனை நாற்காலியோடு பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து விடுவாள். அவர் இறந்த பத்தாம் நாள் ஒரு மெயில் வந்தது. எங்கோ ஒரு டீச்சர் எழுதியிருந்தார். நாற்காலியின் பின்சக்கரம் இரண்டும் வளைந்துவிட்டன, அந்த அளவு கிடைக்கவே இல்லை, பதினெட்டு நாளாகப் படுக்கையில் இருக்கிறேன், பரீட்சை நெருங்குகிறது. அவளிடமும் அந்த அளவு இல்லை. வீட்டின் மூலையில் நின்ற நாற்காலியில் மட்டும் இருந்தது. அவள் யோசிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து இரண்டையும் கழற்றித் துடைத்து, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை நாத்தனார் வந்தாள். செய்தித்தாள் மேல் தலைகீழாகக் கிடந்தது அண்ணனின் நாற்காலி, சக்கரம் இல்லாமல்.

"அண்ணி, என்ன பண்ணியிருக்கீங்க? எங்கண்ணன் போய் பத்து நாள்தான் ஆகுது. அதுக்குள்ள அவன் காலைக் கழட்டிட்டீங்களே!"

அவள் அப்போது விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். ஆனால் பத்து நாளாகத் தூங்காத எரிச்சலில், "சக்கரம் இருக்கறது ஓடறதுக்கு. கும்புடறதுக்கு இல்ல" என்றாள். நாத்தனார் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள்தான். நான்கு வருஷம் ஆகிறது. அவளா வரட்டும் என்று இவளும், இவளா கூப்பிடட்டும் என்று அவளும் இருந்துவிட்டார்கள். இவளுக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கமே கிடையாது. கணவரே கேலி செய்வார், "இவ நம்ம காலை மிதிச்சாக்கூட, உன் காலை ஏன் அங்க வெச்சேன்னுதான் கேப்பா" என்று.

அறுபத்துமூன்று முறை எழுதிப் பழகிய கையோ என்னவோ, மறுநாள் காலை அவள் நாத்தனாருக்கு எழுத உட்கார்ந்தாள். இரண்டு வார்த்தைப் பதில் போடுகிறவளுக்கு அது முடிய மத்தியானம் ஆகிவிட்டது. இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பும் பட்டனை அழுத்தினாள்.

ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் போயிற்று. பதில் இல்லை. திட்டுகிற கடிதங்கள் வந்தன, திரும்பி வந்த கடிதங்கள் வந்தன, நாத்தனாரிடமிருந்து மட்டும் மூச்சுப் பேச்சில்லை. சரி, அதுவும் ஒரு பதில்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் காலையில் எழுந்து பல் துலக்குவதற்கு முன்னால் மெயிலைத்தான் பார்த்தாள்.

கூடவே தொழிலும் படுத்தது. தினம் நாலு பார்சல் என்பது இரண்டாயிற்று. பிறகு ஒன்று. கூரியர்காரரே, "என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

காரணம் ஒரு போன் காலில் தெரிந்தது. பல வருஷமாகச் சாமான் வாங்கும் ஒரு தையல்காரர், மகனுக்காகக் கால்பலகை கேட்டிருந்தவர், கோபமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மூணு மெயில் போட்டேன். இல்லேன்னா இல்லேன்னாவது சொல்ல மாட்டீங்களா?"

"நான் மூணுக்கும் பதில் போட்டேனே!"

"எனக்கு ஒண்ணும் வரலையே." போனில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. "இருங்க இருங்க. இந்தக் குப்பைப் பெட்டிக்குள்ள கிடக்கு. மூணும் கிடக்கு. மேல சிவப்பா என்னமோ போட்டிருக்கு. 'இது மோசடிக் கடிதமாக இருக்கலாம்'னு."

வெப்சைட்டையும் மெயிலையும் அவர்கள் பதிவு செய்து வைத்திருந்த கம்பெனிக்கு அவள் போன் போட்டாள். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டபின் ஒரு ஆள் வந்தார். நிதானமான குரல்.

"உங்க பூட்டு ஒண்ணும் உடையலம்மா. யாரும் உள்ள வரல. ஒரு கவர் வாங்கி, அனுப்புனர்னு உங்க விலாசத்தை எழுதி, யார் வேணா தபால் பெட்டியில போடலாம் இல்லையா? அது மாதிரிதான். அதனாலதான் பாஸ்வேர்டு மாத்தி பிரயோஜனம் இல்ல."

"இதை எப்படி நிறுத்தறது?"

"எழுதறவன் கையை நாம புடிக்க முடியாது. ஆனா உங்க பேர்ல எந்த மெஷின் கடிதம் அனுப்பலாம்னு ஒரு குறிப்பு எழுதி, எல்லாரும் பார்க்கற இடத்துல வெச்சிடலாம். ஒவ்வொரு கடிதத்துலயும் ஒரு முத்திரையும் விழற மாதிரி பண்ணிடலாம். முத்திரை இல்லாம வந்தா தூக்கிப் போட்டுருங்கன்னும் சொல்லிடலாம். மூணு வரி சேர்க்கணும், அவ்வளவுதான். இத்தனை நாள் அது இல்லாததால எது நிஜம் எது போலின்னு தெரியாம, உங்க நிஜக் கடிதத்தையும் சேர்த்துத் தள்ளுறாங்க."

"அப்ப சேர்த்துருங்க."

"கணக்கு யார் பேர்லம்மா இருக்கு?" அவர் படித்துப் பார்த்தார். "சார் பேர்ல இருக்கு. அவரைக் குடுங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிடறேன்."

"அவர் இல்ல."

"எப்ப வருவார்?"

"வரமாட்டார்" என்றாள். பிறகு, "நாலு வருஷம் ஆச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அவர் என்ன தப்புச் செய்தார், பாவம்.

இறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் பெயரை மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னார். அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், வரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினாள். வரவில்லை. மூன்றாவது முறையும் வரவில்லை என்றதும்தான் அவளுக்கு உறைத்தது.

"தம்பி, உங்க குப்பைப் பெட்டியைக் கொஞ்சம் பாருங்களேன்."

"அட ஆமாம்மா!" என்றார் அவர். "மூணும் இங்கதான் இருக்கு."

உயிரோடு இருந்தபோது ஒரு வேலையும் ஒரே தடவையில் முடிந்ததில்லை அந்த மனுஷனுக்கு. போன பிறகும் மூன்று தடவை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் யாருமில்லை என்பதால் அது சீக்கிரமே அடங்கியது.

மூன்று வரியும் சேர்த்தாயிற்று. அடுத்த வாரத்துக்குள் திரும்பி வரும் கடிதங்கள் நூறாகக் குறைந்தன, பிறகு முப்பது, பிறகு ஐந்து. தையல்காரருக்கு எழுதிய பதில் நேராக அவர் கண்ணில் பட்டது. பார்சல் மறுபடி மூன்று, நாலு என்று ஏறியது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நாத்தனாருக்கு எழுதியதும் குப்பையில்தானே போயிருக்கும்? அவள் பார்த்தே இருக்க மாட்டாளே! பதில் போடாமல் இல்லை, கடிதமே போகவில்லை! அன்றைக்குக் காய் நறுக்கும்போது தன்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்ததை அவளே கவனித்து நிறுத்தினாள். திரும்ப அனுப்பலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று போனை எடுத்தாள். நம்பர் மனப்பாடமாக இருந்தது.

"அண்ணியா?"

"நான்தான். நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

"உனக்கு ஒரு மெயில் போட்டிருந்தேன். வந்திருக்காது. எங்க மெயில்ல ஒரு கோளாறு."

"வந்துச்சே" என்றாள் நாத்தனார். "குப்பையில கிடந்துச்சு. எடுத்துப் படிச்சேன்."

அவள் சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். படித்திருக்கிறாள். படித்துவிட்டும் பதில் எழுதவில்லை.

"மேல சிவப்பா, மோசடின்னு போட்டிருந்துச்சு" என்று நாத்தனார் தொடர்ந்தாள். "அப்புறம் உள்ள பார்த்தா நீங்க மன்னிப்புக் கேக்கறீங்க. அதான் முடிவே பண்ணிட்டேன். எவனோ நம்ம வீட்டு விஷயமெல்லாம் தெரிஞ்ச திருடன் எழுதியிருக்கான்னு. அண்ணியாவது, மன்னிப்புக் கேக்கறதாவது!"

"நான்தான் எழுதினேன்."

"நீங்களா?"

"ஆமா."

"முழுசுமா?"

"முழுசும்."

நாத்தனார் வீட்டில் யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அழிச்சுட்டேன் அண்ணி. பயமா இருந்துச்சு, அழிச்சுட்டேன். இப்ப என்ன எழுதியிருந்தீங்கன்னு சரியா ஞாபகமில்ல. படிங்க."

"திரும்ப அனுப்பறேன்."

"வேணாம். படிங்க, கேக்கறேன்."

எழுதுவது ஒன்று, வாயால் சொல்வது வேறு. அவள் கம்ப்யூட்டரைத் திறந்து, அனுப்பிய கடிதங்களில் அதைத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி படிக்க ஆரம்பித்தாள். டீச்சரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தாள். பதினெட்டு நாள் என்று படித்ததும் தனக்கு அவர் கூரையை முறைத்துக்கொண்டு கிடந்ததுதான் கண்ணில் நின்றது என்று எழுதியிருந்ததைப் படித்தாள். "கொடுத்தது தப்பென்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஒன்பது வருஷம் அந்தச் சக்கரத்தைத் தள்ளியவள் நீ. உன்னிடம் ஒரு வார்த்தை" என்பது வரைக்கும் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள். நாத்தனார் அவசரப்படுத்தவில்லை.

"உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்" என்று முடித்தாள். "கேட்காததற்கும், அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கும் என்னை மன்னித்துவிடு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு நாத்தனார், "அதுக்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சே, அதையும் படிங்க" என்றாள்.

அவள் குனிந்து பார்த்தாள். கடைக் கடிதங்கள் எல்லாவற்றின் அடியிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வரி.

"'எங்களிடம் வாங்கியமைக்கு நன்றி. மீண்டும் வருக'."

"அதைப் பார்த்ததும்தான் திருடனேதான்னு உறுதியாச்சு" என்றாள் நாத்தனார். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாது.

"நான் மனசுல ஒண்ணும் இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன் அண்ணி" என்றாள் நாத்தனார் கடைசியில். "இருக்கு. கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டும்."

அதோடு வைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு அவள் முன்னறையைப் பெருக்கி, மேஜையிலிருந்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் இறக்கி வைத்தாள். யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் போன் அடிக்கவில்லை. மெயில் பெட்டியில் அன்றைக்கு மொத்தமே இரண்டு கடிதம். நானூறு வந்த காலத்தில் மூச்சு முட்டியது. இப்போது, யாராவது திட்டியாவது எழுதியிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு. பெட்டிகளைத் திரும்ப மேஜைமேல் ஏற்றினாள்.

மூன்றாவது ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள் நாத்தனார்.

"ஒரு பிரேக் கட்டை. ஸ்பிரிங் மாத்திட்டிருக்கேன். கை ரெண்டும் எண்ணெய்."

"சரி, மாத்துங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டு மாத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் முழங்கையால் பட்டனை அழுத்திப் போனை மேஜையில் சாய்த்து வைத்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் ஸ்பிரிங் இரண்டு தடவை தெறித்து ஓடியது. "என்ன அது?" என்று நாத்தனார் கேட்டாள். "ஒண்ணுமில்ல, ஸ்பிரிங்" என்றாள். இருபது நிமிஷத்தில் அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

"வெச்சிடட்டுமா அண்ணி?"

"ம், வை" என்றாள். பிறகு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, அடுத்த பிரேக் கட்டையை எடுத்தாள்.